பாடக்குறிப்பில் பஜ்ஜி

உங்களுக்குத் தெரிந்தவர்களில் யாராவது அறிவியல் வாத்தியார் இருந்தால், ஜூன் மாதம் முதல் வாரத்தில் அவரை வழியில் நிறுத்தி, "என்ன சார், லீவெல்லாம் எப்படிப் போச்சு?" என்று கேட்டுவிடாதீர்கள். மனுஷன் பதில் சொல்ல மாட்டார். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பதாகத்தான் உங்களுக்குத் தோன்றும். உண்மையில் உங்கள் தோளுக்குப் பின்னால் போகிற தண்ணீர் லாரி சீரான வேகத்தில் போகிறதா, முடுக்கத்தோடு போகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பார். ஒன்பதாம் வகுப்பு 'இயக்கம்' பாடத்துக்குக் குறிப்பு எழுதுகிறார் என்று புரிந்துகொண்டு நகர்ந்துவிடுங்கள். இது எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பீர்க்கன்கரணையில் அந்த மனுஷன் நான்தான்.

2018-ல் புதுப் புத்தகம் வந்ததிலிருந்து ஒன்பதாம் வகுப்பு அறிவியலில் முதல் அலகு அளவீடு, இரண்டாவது அலகு இயக்கம். அளவீட்டில் ஆபத்தே கிடையாது. வெர்னியர் அளவியைக் கையில் கொடுத்துவிட்டால், பிள்ளைகள் ஒருவர் விரலை இன்னொருவர் அளந்துகொண்டு சமர்த்தாக உட்கார்ந்திருப்பார்கள். இயக்கம் அப்படியில்லை. அதற்கு உதாரணம் வேண்டும், செய்முறை வேண்டும், வரைபடம் வேண்டும், எல்லாவற்றுக்கும் முன்னால் பாடக்குறிப்பு வேண்டும். அறிமுகம், படித்தல், மனவரைபடம், தொகுத்தலும் வழங்குதலும், வலுவூட்டுதல், மதிப்பீடு, குறைதீர் கற்றல், எழுதுதல், தொடர்பணி என்று அதற்கு ஏகப்பட்ட தலைப்புகள். குறைதீர் கற்றல் என்று போட்டிருக்கிறார்களே தவிர, யாருடைய குறை என்று போடவில்லை. என் மனைவியிடம் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

மே மாதம், ஃபேனுக்கு அடியில், நான் எழுதும் பாடக்குறிப்பைப் பார்க்க வேண்டுமே! ஓய்வும் இயக்கமும் முதல் நாள். தொலைவும் இடப்பெயர்ச்சியும் இரண்டாம் நாள். அப்புறம் வேகம், திசைவேகம், முடுக்கம், வரைபடங்கள், மூன்று சமன்பாடுகள், தடையின்றித் தானே விழும் பொருள். எல்லாம் இரண்டு வாரத்துக்குள் முடிந்து, மூன்றாவது வாரம் திங்கட்கிழமை தேர்வு. குடற்புழு மாத்திரை கொடுக்கும் நாள், எமிஸில் விவரம் ஏற்றும் நாள், ஆதார் திருத்தும் நாள், ஆண்டு விழா ஒத்திகைக்குப் பாதி வகுப்பு காணாமல் போகும் நாள் என்று எதுவும் அந்தக் குறிப்பில் இருக்காது. உராய்வே இல்லாத ஓர் உலகத்தில் உட்கார்ந்துதான் ஒவ்வொரு வருஷமும் அதை எழுதுகிறேன்.

பயிற்சி வகுப்பில் திரும்பத் திரும்பச் சொல்லி அனுப்புவார்கள்: "புத்தகத்தில் இருக்கும் உதாரணத்தையே சொல்லாதீர்கள். பிள்ளைகளுக்குத் தெரிந்த, உங்கள் சுற்றுப்புறத்தில் இருக்கும் உதாரணமாகச் சொல்லுங்கள்." நல்ல யோசனைதான். ஆனால் சொன்னவருக்குச் சுற்றுப்புறமாக ஜி.எஸ்.டி. ரோடு வாய்த்திருக்காது.

எங்கள் ஊர் இரும்புலியூருக்கும் பெருங்களத்தூருக்கும் நடுவே ரோட்டோரமாக இருக்கிறது. பேரூராட்சியாக இருந்து, 2021-ல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தது. சென்னையை விட்டுத் தெற்கே போகிற பாதி ஜனம் எங்கள் ஏரியைப் பார்த்துக்கொண்டேதான் போயாக வேண்டும். நிறைய நேரம் பார்த்துக்கொண்டே போவார்கள், காரணம் வண்டி நகராது. சம கால இடைவெளிகளில் சம தொலைவைக் கடந்தால் அது சீரான இயக்கம். இதற்கு உள்ளூர் உதாரணம் பிடிப்பதற்காக ஒரு சாயங்காலம் முழுக்க நோட்டும் பேனாவுமாக ரோட்டோரம் நின்றேன். மாநகரப் பேருந்து நிறுத்தத்தைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் நின்றது. ஷேர் ஆட்டோ, தலையைச் சொறிய யாராவது கையைத் தூக்கினால்கூட நின்றது. ஒரு ஆட்டோக்காரர் என் நோட்டைப் பார்த்துவிட்டு வண்டியை ஓரம் கட்டி, "சார், பேப்பர் எல்லாம் கரெக்டா இருக்கு சார்" என்று எடுத்து நீட்டினார். வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். வேறென்ன செய்வது?

சீரான இயக்கம் எங்கள் பக்கம் அறவே கிடையாது என்றும் சொல்லிவிட முடியாது. தீபாவளிக்கு முந்தின நாள் ராத்திரி பெருங்களத்தூரில் வந்து பாருங்கள். சம கால இடைவெளிகளில் சம தொலைவு. அந்தத் தொலைவு பூஜ்யம் என்பது வேறு விஷயம். 2023 டிசம்பர் 30-ஆம் தேதி கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தைத் திறந்தார்கள். அதற்குப் பிறகு நெரிசலுக்கும் கொஞ்சம் தெற்குத் திசையில் இடப்பெயர்ச்சி கிடைத்தது.

வேகமாகப் போகும் பொருள் எங்கள் தெருவில் ஒன்றே ஒன்று உண்டு. பக்கத்து வீட்டுத் தென்னையிலிருந்து எங்கள் பக்கம் விழும் தேங்காய். 10 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தால், ஒன்றரை நொடிக்குள் தரைக்கு வந்துவிடும். தரையைத் தொடும்போது நொடிக்கு 14 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 50 கிலோமீட்டர். சாயங்காலம் ஏழு மணிக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் எந்த வண்டிக்கும் கிடைக்காத வேகம். இதைக் கணக்குப் போட்டு, காகிதத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பக்கத்து வீட்டுக்காரரிடம் காட்டினேன், மரத்துக்கு ஏதாவது செய்வார் என்று. மனிதர் கண்ணாடி போட்டு முழுக்கப் படித்தார். "ஐம்பதா! அப்ப துணி காயப்போட வரும்போது ஹெல்மெட் போட்டுக்குங்க சார்" என்றார்.

ரயிலையாவது உதாரணமாக வைக்கலாம் என்றால், அங்கேயும் மானம் போயிற்று. நான் பெருங்களத்தூரில் ஏறிக் குரோம்பேட்டையில் இறங்குகிறவன். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் 1931-லேயே மின்சார ரயில் விட்டுவிட்டார்கள். அந்தப் பெருமையை வகுப்பில் சொல்லிவிட்டு அப்படியே சார்பு இயக்கத்துக்குப் போய்விடலாம் என்று திட்டம். அன்றைக்குத் தாம்பரத்தில் வண்டி நின்றுகொண்டிருந்தது. நான் பாடக்குறிப்பில் மூழ்கியிருந்தேன். ஜன்னலுக்கு வெளியே பெட்டிகள் பின்னால் போவது தெரிந்தது. சானடோரியம் தாண்டினால் குரோம்பேட்டை, கூட்டத்தில் வாசலுக்குப் போகவே நேரம் ஆகும் என்று எழுந்து, இடித்துத் தள்ளிக்கொண்டு வாசலுக்குப் போய் நின்றேன். நகர்ந்தது பக்கத்து வண்டி. எங்கள் வண்டி நகரவேயில்லை. திரும்பிப் பார்த்தால் என் இடத்தில் ஒரு அம்மா உட்கார்ந்து முல்லைப் பூ தொடுத்துக்கொண்டிருந்தார்.

இப்போது பால் பாக்கெட் விஷயத்துக்கு வருகிறேன். சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன், ஆனால் தெருவுக்கே தெரிந்த பிறகு உங்களுக்கு மட்டும் மறைப்பானேன்.

முடுக்கத்தைக் கண்ணால் காட்ட ஒரு பழைய உத்தி உண்டு. ஓடுகிற வண்டியிலிருந்து எண்ணெய் சொட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், நொடிக்கு ஒரு சொட்டு. மணிக்கு 18 கிலோமீட்டரில் போனால் நொடிக்கு 5 மீட்டர். அப்போது ரோட்டில் 5 மீட்டருக்கு ஒரு புள்ளி விழும். வேகம் கூடக்கூடப் புள்ளிகள் விலகும், பிரேக் போட்டால் நெருங்கும். வண்டியைப் பார்க்காமலேயே புள்ளிகளை வைத்து அதன் முழு ஜாதகத்தையும் சொல்லிவிடலாம். இதை ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாட்டுத் தட்டில் ரசத்தைச் சொட்டவிட்டு வீட்டில் எல்லோருக்கும் விளக்கினேன். யாரும் கேட்கவில்லை என்றுதான் நினைத்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் பால் வாங்கப் போனேன். ஸ்கூட்டர் கொக்கியில் பையை மாட்டும்போது சாவி பட்டுப் பாக்கெட்டில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்திருக்கிறது. எனக்குத் தெரியாது. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியபோது, என் மனைவி கேட்டருகே நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவிளக்கு வெளிச்சத்தில், கறுப்புத் தார் ரோட்டில், முனையிலிருந்து எங்கள் கேட் வரைக்கும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். பின்னாலேயே ஒரு தெருநாய் என் தரவுகளை ஒவ்வொன்றாக நக்கிக்கொண்டு வந்தது.

"ஏங்க, இங்க பாருங்க, புள்ளியெல்லாம் தள்ளித் தள்ளி இருக்கு. வேகமா வந்திருக்கீங்க."

"ஆமாம்" என்றேன். மத்தியானம் சொன்னது மனசில் பதிந்திருக்கிறதே என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

அவள் செருப்பைப் போட்டுக்கொண்டு தெரு முனைவரை நடந்தாள். நானும் போனேன். டீக்கடை வாசலில் நின்றாள். அங்கே புள்ளி இல்லை. ஒரு குட்டை இருந்தது.

"இங்க மட்டும் ஏங்க குட்டை?"

"நாய் குறுக்க வந்துச்சு. பிரேக் போட்டேன்."

"எவ்வளவு நேரம் குறுக்க வந்துச்சு?"

நான் பதில் சொல்லவில்லை. கடைக்காரர் வேண்டுமென்றே பாய்லரைத் துடைக்க ஆரம்பித்தார். அவள் குனிந்து குட்டையைப் பார்த்தாள், பாக்கெட்டைத் தூக்கி எவ்வளவு குறைந்திருக்கிறது என்று பார்த்தாள், நிமிர்ந்தாள்.

"நொடிக்கு ஒரு சொட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க? டாக்டர் எண்ணெய்ப் பலகாரமே தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்காரு. இந்தக் குட்டையில ரெண்டு வாழைக்கா பஜ்ஜி இருக்கு."

இரண்டுதான். என்னிடம் படித்த எந்த மாணவரும் இவ்வளவு துல்லியமாக விடை சொன்னதில்லை.

இத்தனைக்குப் பிறகும் செய்முறை ஆசை விடவில்லை. கலிலியோ சாய்தளத்தில் குண்டு உருட்டிய சோதனையைச் செய்து காட்டிவிட வேண்டும் என்று பிடிவாதம். 1638-ல் வந்த தன் புத்தகத்தில் அவர் எழுதியிருக்கிறார்: 12 முழ நீளக் கட்டையில் காடி வெட்டி, வழவழப்பாகத் தோல் ஒட்டி, வெண்கலக் குண்டை உருட்டினாராம். நேரத்தை அளக்கக் கடிகாரமா இருந்தது? மெல்லிய குழாயில் தண்ணீரை ஒழுகவிட்டு, ஒழுகிய தண்ணீரை எடை போட்டாராம். அந்தக் காலத்து இத்தாலியில் தண்ணீருக்கு லாரி புக் பண்ண வேண்டியதில்லை போலிருக்கிறது. எங்கள் வீட்டில் அந்த யோசனையை வாயைத் திறந்து சொல்லக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

ஆனால் இன்னொரு வழி இருந்தது. கலிலியோவின் அப்பா வின்சென்சோ லூட் வாசித்தவர், இசை இலக்கணம் தெரிந்தவர். மகனுக்கும் தாளம் ரத்தத்தில் ஊறியிருக்கும். ஆகவே கலிலியோ தாளத்தை வைத்தே நேரத்தை அளந்திருப்பார் என்று ஸ்டில்மன் டிரேக் என்ற அறிஞர் 1975-ல் எழுதினார். காடியின் குறுக்கே மெல்லிய நரம்புகளைக் கட்டிவிடு. குண்டு ஒவ்வொன்றின் மேலும் ஏறி இறங்கும்போது 'டக்' என்று ஒலிக்கும். அந்த டக்கும் தாளத்தின் தட்டும் ஒன்றாக விழும்வரை நரம்புகளை நகர்த்து. பிறகு இடைவெளிகளை அளந்துகொள். இதைப் படித்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. ஏனென்றால் எங்கள் வீட்டில் மாமியார் இருக்கிறார்.

மாமியார் சின்ன வயசில் பாட்டு கற்றவர். இன்றைக்கும் டிவியில் கச்சேரி ஓடினால் கை தானாகத் தொடையில் விழும். பாடகர் அரை மாத்திரை தப்பினாலும் முகம் சுளிக்கும். ஹால் ஜன்னலின் ஆறடி கர்ட்டன் சேனலைக் கழற்றினேன். சைக்கிள் கடையில் ஒரு பேரிங் குண்டு. சேனலைப் பிளவு மேலே பார்க்க வைத்து, ஒரு முனைக்கு அடியில் சாண் உயரத்துக்குப் பழைய கைடுகளை அடுக்கினேன். கைடு பாடத்துக்கு உதவியது அன்றைக்குத்தான். குறுக்கே கட்டப் பூத்தொடுக்கும் நூல். மாமியார் நாற்காலியில் உட்கார்ந்து, "சதுஸ்ரமா, திஸ்ரமா மாப்பிள்ளை?" என்று கேட்டார். கலிலியோ இதைப் பற்றி ஒன்றும் எழுதி வைக்கவில்லை. "உங்க இஷ்டம் அத்தை" என்றேன்.

குண்டை விடுவது என் வேலை. தட்டும்போது விட வேண்டும். நான் தட்டுக்கு முன்னால் விட்டேன், பின்னால் விட்டேன், ஒரு தடவை விடவே மறந்து தட்டை ரசித்துக்கொண்டு நின்றேன். "மாப்பிள்ளைக்குக் காலப்பிரமாணமே இல்லையேடி!" என்று மாமியார் உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "கல்யாணமான நாள்லேர்ந்து இல்லம்மா" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. கடைசியில் குண்டு விடும் பொறுப்பை என்னிடமிருந்து பிடுங்கி என் பையனிடம் கொடுத்தார்கள். சோபாவுக்கு அடியில் ஓடும் குண்டைத் தவழ்ந்து போய் எடுத்து வரும் பொறுப்பு எனக்கு வந்தது. ஜன்னலில் திரை இல்லாததால் எதிர்வீட்டு மாடியில் இருந்தவர்களுக்கும் இதையெல்லாம் பார்க்கும் பாக்கியம் கிடைத்தது.

ஆனால் ஒன்று சொல்கிறேன், நூல்களை நகர்த்தி நகர்த்தி, ஒரு கட்டத்தில் டக்கும் தட்டும் ஒன்றாக விழுந்தன. டக், டக், டக், டக். ஹாலில் யாரும் பேசவில்லை. டேப் வைத்து அளந்தேன். முதல் இடைவெளி பத்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அடுத்தது முப்பது. அதற்கடுத்தது ஐம்பதைச் சற்றுத் தாண்டி. கடைசி, எழுபதுக்கு ஒரு விரல்கடை கீழே. ஒன்று, மூன்று, ஐந்து, ஏழு. சீரான முடுக்கம் என்றால் அதுதான். சமமான ஒவ்வொரு தட்டுக்கும் தொலைவு ஒற்றைப்படையில் ஏறிக்கொண்டே போகும். நானூறு வருஷத்துக்கு முன்னால் இத்தாலியில் நடந்தது, பீர்க்கன்கரணையில் எங்கள் மாமியார் தொடையில் நடந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. மாமியார், "இதுக்கா இவ்வளவு அமர்க்களம்? துரிதகாலம் போடட்டுமா?" என்றார்.

அந்த உற்சாகத்தில் இன்னொரு கேள்வியும் கேட்டுப் பார்த்தேன். கேட்டிருக்க வேண்டாம். அமெரிக்காவில் டிரோபிரிட்ஜ், மெக்டெர்மட் என்ற இருவர் 1980-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு குண்டு இன்னொரு குண்டை முந்துகிறது. இரண்டும் அக்கம்பக்கமாக வரும் அந்தக் கணத்தில் வேகமும் ஒன்றுதான் என்று கல்லூரி மாணவர்களிலேயே பலர் சொன்னார்களாம். இடம் ஒன்றானால் வேகமும் ஒன்று என்ற குழப்பம். நான் பஸ்ஸையும் ஷேர் ஆட்டோவையும் வைத்துக் கேட்டேன். "பக்கத்துல பக்கத்துல இருந்தா ஒண்ணுதானே மாப்பிள்ளை" என்றார் மாமியார். "முதல்ல பஸ்ஸை ஆட்டோ எப்படி முந்தலாம்?" என்றாள் மனைவி. பையன் போனிலிருந்து தலையைத் தூக்காமல், "எக்ஸாம்ல வருமாப்பா?" என்றான். வராது என்றேன். "அப்ப ஒண்ணு" என்றான்.

பள்ளிக்குச் சேனலை மின்சார ரயிலில்தான் கொண்டுபோனேன். பெருங்களத்தூர் பிளாட்பாரத்தில் ஒருவர், "ஒரு ஜன்னலுக்கு என்ன ரேட் பண்றீங்க?" என்று கேட்டார். வாத்தியார் என்று சொன்னால் நம்பமாட்டார் என்பதால் ஒரு ரேட் சொன்னேன். அதிகம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

வகுப்பில் மாமியார் இல்லை. நாற்பது பேரும் நாற்பது தாளம் தட்டினார்கள். குண்டு எதற்கென்று டக் சொல்லும்? அப்போதுதான் கடைசி பெஞ்சு ஞாபகம் வந்தது. அங்கே ஒருவன் இருக்கிறான், எப்போது பார்த்தாலும் மேஜையில் கானாவுக்குத் தட்டிக்கொண்டிருப்பான். அவனைக் கூப்பிட்டு மேஜையில் தட்டச் சொன்னேன். அசையாத தட்டு, மாமியாரே தலையாட்டியிருப்பார். பிள்ளைகள் நூலை நகர்த்தினார்கள், அளந்தார்கள், ஒன்று மூன்று ஐந்து வந்ததும் கூச்சல் போட்டார்கள். பக்கத்து வகுப்பிலிருந்து ஆள் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். மணி அடித்ததும் பையன் கிட்டே வந்தான். "சார், போன வாரம் இதே தட்டுக்குத்தான் என்னை வெளியில நிக்க வெச்சீங்க." அது சீரான தட்டு இல்லை என்று சமாளித்தேன். "அதுவும் இதே ஸ்பீடுதான் சார்" என்றான். தரவு அவன் பக்கம் இருந்தது.

இந்தப் பாடவேளைக்கு நான் எழுதிய குறிப்பில், துணைக்கருவிகள் என்ற இடத்தில், 'கர்ட்டன் சேனல், பேரிங் குண்டு, பூ நூல், மாமியார்' என்று இருக்கிறது. வீட்டில் வைத்து எழுதியது, கை பழக்கத்தில் வந்துவிட்டது. தலைமையாசிரியர் பச்சை மையில் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

தேர்வில் 'வேகம், திசைவேகம் வேறுபடுத்துக' என்றுதான் கேட்டிருந்தார்கள். எல்லோரும் கைடில் இருப்பதை எழுதிப் பாஸ் செய்தார்கள்.

சேனல் இப்போது பள்ளி ஆய்வகத்தில் இருக்கிறது. இருப்புப் பதிவேட்டில் ஏற்றிவிட்டார்கள், திரும்ப வீட்டுக்கு எடுத்துவர வழியில்லை. எங்கள் ஹால் ஜன்னல் இன்னமும் திறந்தேதான் கிடக்கிறது. எதிர்வீட்டு மாடியில் தினமும் எட்டு மணிக்குச் சிலர் நாற்காலி போட்டு உட்காருகிறார்கள். ஆகவே உங்கள் வீட்டில் ஆறடி சேனல் ஏதாவது சும்மா கிடந்தால் தயவுசெய்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஒரு வார்த்தை சொல்லுங்கள், வந்து வாங்கிக்கொள்கிறேன். நேரான சேனலாக இருக்க வேண்டும். வளைந்தது வேண்டாம், வட்ட இயக்கம் அடுத்த வாரம்தான்.